பாயிண்ட் முப்பத்திரண்டு

அக்டோபர் 3, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் அந்தச் சின்னப் புத்தகத்தை நீட்டும்போது, "ஆஸ்பத்திரி வச்சிருக்கவுகளுக்கு எதுக்கு சார் துப்பாக்கி?" என்று பல்லைக் காட்டினான். இவன் மாமனாருக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்தவன் நான். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு பக்கம் எழுதியதில்லை. வக்கீல் இன்று சொன்னார்: "துப்பாக்கி கைக்கு வந்திருச்சுன்னா டாக்டர், அன்னன்னைக்கு நடக்கிறதத் தேதி போட்டு எழுதி வைங்க. பின்னால உதவும்." ஆகையால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் தனுஷ்கோடி, சர்ஜன். அருப்புக்கோட்டையில் இருபத்தாறு வருஷமாகப் பன்னிரண்டு படுக்கை நர்ஸிங் ஹோம் நடத்துகிறேன். பிப்ரவரி 17-ம் தேதி காலையில் செண்பகம் என்ற இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தேன். சாதாரணக் கேஸ். சாயங்காலம் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. போன் வந்ததும் கிளம்பி வந்தேன். காப்பாற்ற முடியவில்லை. ஆயிரத்தில் ஒன்று அப்படி ஆகும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் போட்டிருக்கும். ஆனால் அதை யாரிடம் சொல்ல? சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள். என் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் போனில், "ஒன்னைய விடமாட்டோம்டா" என்றான். போலீஸ் வந்தது. இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அடங்காதவன் ஒருவன்தான். புருஷன். சோலையப்பன் என்று பெயர், வெல்டர். முதல் வாரம் என் அறைக்குள் வர முயன்றான்; வெளியே தள்ளச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்ப் பக்க டீக்கடையில் வந்து நின்று என் வாசலையே பார்க்கிறான். கத்துவதில்லை. கல்லெடுத்து எறிவதில்லை. எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இப்படி ஏழரை மாதம். கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம்.

அக்டோபர் 4, புதன்

ஓ.பி. பதினொரு பேர். மழை. சோலையப்பன் குடையோடு நின்றான்.

அக்டோபர் 8, ஞாயிறு

மதுரையில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். வசுமதியும் வருகிறேன் என்றாள். முப்பது வருஷத்தில் நான் எதை வாங்கப் போனாலும் வந்து கருத்துச் சொல்லாமல் இருந்ததில்லை என் மனைவி.

கடைக்காரர் ராஜரத்தினம், எழுபது வயதிருக்கும். ஒன்பது எம்.எம். வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"அது பட்டாளத்துக்கும் போலீசுக்கும் சார். நமக்குச் சட்டம் விட்டது ரெண்டே ரெண்டு. இருபத்திரண்டு, முப்பத்திரண்டு. அதுல எது வேணும்னாலும் எடுக்கிறேன். தெனமும் இடுப்புல வச்சிக்கிட்டு நடமாடப் போறீங்களா, இல்ல வீட்டுப் பீரோவுல வைக்கவா?"

"தினமும்."

"அப்ப கனத்தப் பாக்கணும். கனமா இருந்தா ஒரு மாசம் கட்டுவீங்க. ரெண்டாவது மாசம் பீரோவுக்குப் போயிரும்."

பச்சைத் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தார். பாயிண்ட் இருபத்திரண்டு ரிவால்வர், உள்ளங்கைக்குள் அடங்குகிற பொம்மை மாதிரி, எட்டுக் குண்டு. பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு குண்டு. அதே முப்பத்திரண்டில் ஒரு பிஸ்டல், தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் துருத்தாது என்றார். ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். பொம்பளைகளும் வயசானவர்களும் இருபத்திரண்டைத்தான் எடுப்பார்கள், உதறாது என்றார். எனக்கு ஐம்பத்தேழு. எந்தக் கணக்கில் என்னைச் சேர்த்தார் என்று தெரியவில்லை.

அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்த வசுமதி கேட்டாள்: "இதுல எதுல சுட்டா ஆளு பொழைப்பான்?"

ராஜரத்தினம் கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு விரித்தார். "நாப்பது வருசமாக் கடை வச்சிருக்கேன்மா. இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார்.

எதையும் வாங்காமல் கிளம்பினோம். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிவிட்டு வரச் சொன்னார். காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

அவள் கேட்ட கேள்விக்குக் கடைக்காரனால் பதில் சொல்ல முடியாது. என்னால் முடியும். மதுரையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருவன் வந்தான். காட்டுப்பன்றிக்கு வைத்த குறி தப்பி இருபத்திரண்டு அவன் விலாவில் பாய்ந்திருந்தது. வெளியே பார்த்தால் பேனா முனையால் குத்திய மாதிரி ஒரு புள்ளி, ரத்தமே இல்லை. உள்ளே போன குண்டு எலும்பில் பட்டுத் திரும்பி, கல்லீரலை உரசி, கடைசியில் இடுப்பு எலும்புக்குப் பின்னால் கிடந்தது. மூன்று மணி நேரம் தேடினோம். இருபத்திரண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அந்த ஆள் அந்தக் குண்டோடு அரை மைல் நடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். அதாவது கொல்லும், ஆனால் நிறுத்தாது. எதிரே வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான்.

முப்பத்திரண்டு மெதுவானது, கனமானது. நேராகப் போகும். சதையில் அகலமான வழி வெட்டும். பெரிய ரத்தக் குழாய் குறுக்கே இருந்தால் ஆள் உட்கார்ந்துவிடுவான். தற்காப்பு என்றால் எதிராளி நிற்க வேண்டும். அவன் பிழைப்பது இரண்டாவது விஷயம்.

இதை வசுமதியிடம் சொன்னால் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து போவாள்.

அக்டோபர் 13, வெள்ளி

ஓ.பி. ஏழு. நாளை மகாளய அமாவாசை, யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள்.

சிஸ்டர் அமலோற்பவம் என் மேஜையில் சாவிக் கொத்தை வைக்காமல் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். பிப்ரவரியிலிருந்து இப்படித்தான். இருபத்தொரு வருஷமாக என்னிடம் தலைமை நர்ஸ். வேறு யாராக இருந்தாலும் சீட்டைக் கிழித்திருப்பேன். இவளை அனுப்பினால் வெளியே போய் வாயைத் திறப்பாள்.

விஷயம் பெரிதல்ல. செண்பகத்தின் கேஸ் ஷீட் அடித்தலும் கிறுக்கலுமாக இருந்தது, நேரங்கள் குழப்பமாக இருந்தன. தெளிவாக இன்னொன்று எழுதினோம். நான் ஆறரைக்கு வந்து பார்த்ததாகப் போட்டேன். ஏறக்குறைய அதுதான். மற்ற இரண்டு நர்ஸும் மயக்க மருந்து டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள். இவள் மட்டும், "நான் எழுதின தாளு எங்க சார்?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

ரைபிள் கிளப்பில் பயிற்சி. சொல்லிக் கொடுத்தவர் தவசி என்ற ரிட்டயர்டு ஹவில்தார்.

முதலில் இருபத்திரண்டு. சத்தம் பட்டாசு மாதிரி, கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பத்தில் எட்டுக் குண்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள். அடுத்தது முப்பத்திரண்டு. துப்பாக்கியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. ஆறில் இரண்டு பட்டன.

தவசி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கை நடுங்குது சார்."

"காலையில் டிபன் சாப்பிடவில்லை."

"ஆபரேசன் பண்ற கைதான சார் இது?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த ஆள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே குண்டுகளை எண்ணிப் பெட்டியில் போட்டார். "ஒங்களுக்கு இருபத்திரண்டே போதும் சார். பெருசா வச்சிக்கிட்டுத் தப்பவிடுறதுக்குச் சின்னத வச்சிக்கிட்டுப் பட வைக்கலாம். தப்பிப் போற குண்டும் எங்கயாச்சும் போய் யாரு மேலயாச்சும் படும்ல."

சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு எது போதும் என்று ஒரு ஹவில்தார் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

முப்பத்திரண்டு ரிவால்வர் வாங்கிவிட்டேன். பிஸ்டல் வேண்டாம். அதில் குண்டு சிக்கினால் இழுத்து உதற வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கு நிதானம் இருக்கும்? ரிவால்வர் என்றால் விசையை இழுத்தால் போதும். அந்த விசைதான் கொஞ்சம் கெட்டி. அதைச் சொன்னதற்கு ராஜரத்தினம், "அது நல்லதுக்குத்தான் சார். கை பட்டு, துணி மாட்டி எல்லாம் வெடிக்காது. மனசு வச்சு இழுத்தாத்தான் வெடிக்கும்" என்றார்.

இடுப்பில் மாட்டத் தோல் உறையும் வாங்கினேன். வலது பக்கம் பெல்ட் இறங்குகிறது. ஒரு துளை இறுக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. தியேட்டர் கருவிகள், எக்ஸ்ரே மெஷின், கார் எல்லாவற்றுக்கும் வசுமதி சந்தனம் வைத்தாள். நான் ரிவால்வரை எடுத்துப் பூஜை அறையில் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

நானே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

ஓ.பி. நான்கு. டிவியில் கிரிக்கெட்.

மூன்று நாளாகக் கட்டிக்கொண்டு திரிகிறேன். உட்காரும்போது விலாவில் இடிக்கிறது. சட்டையை வெளியே விட்டிருக்கிறேன். பழகிவிடும். ஒரு நல்ல மாற்றம்: வாசலில் இறங்கிக் கார் வரைக்கும் போக இதுவரை வாட்ச்மேனைக் கூப்பிட்டேன், இப்போது கூப்பிடுவதில்லை.

இன்று ஆறரைக்கு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கே போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. சோலையப்பன் பெஞ்சின் ஓரத்தில் நின்றான். பக்கத்தில் பார்த்தால் சின்ன ஆள். புருவம் ஒரு பக்கம் வெல்டிங் பொறியில் கருகியிருக்கிறது. டீ சொன்னேன். டம்ளரை வாங்குகிற சாக்கில் கையை உயர்த்தினேன். சட்டை மேலே ஏறியது. உறையும் பிடியும் தெரிந்தன. டீக்கடைக்காரன் வேலுச்சாமி பாய்லரைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

சோலையப்பன் இடுப்பைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். நான் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

புரிந்திருக்கும்.

அக்டோபர் 27, வெள்ளி

இன்றும் வந்தான். அதே இடம்.

நவம்பர் 1, புதன்

அவன் வரவில்லை.

நவம்பர் 2, வியாழன்

வரவில்லை. எட்டரை வரைக்கும் ஜன்னலில் நின்றேன். முப்பத்திரண்டு தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் கன்சல்டிங் அறையில் நாற்காலியைத் திருப்பி, கதவு நேரே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டேன். கண்ணுக்கு எதிரே நிற்கிறவன் எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

வேலுச்சாமியைக் கூப்பிட்டு விசாரித்தேன். வாசலிலேயே நின்று பதில் சொன்னான்; உள்ளே வரவில்லை. "பட்டறை வேலைய விட்டுட்டாம் சார். ஊரவிட்டே போறானாம். போறதுக்கு முன்னால டாக்டர்ட்ட ஒரு சோலி பாக்கி இருக்குன்னான்."

"என்ன சோலி?"

"அத எங்கிட்டச் சொல்லல சார்."

வக்கீலுக்குப் போன் செய்தேன். தேதியோடு எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிவிட்டேன்: "ஒரு சோலி பாக்கி இருக்கு." இதற்கு மேல் என்ன மிரட்டல் வேண்டும்?

நவம்பர் 5, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது ரிவால்வரைக் கழற்றச் சொன்னாள் வசுமதி. முடியாது என்றேன்.

"நம்ம வீட்டுக்குள்ள யாரு வந்து ஒங்கள அடிக்கப் போறா?"

"உனக்குத் தெரியாது. அவன் ஆள் விட்டு ஏதாவது செய்வான்."

"எட்டு மாசம் நின்னவன் ஒரு கல்லக்கூட எடுக்கல. நீங்கதான் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயி அவங்கிட்டக் காட்டுனீங்க. ஊரே பேசுது." தட்டைத் தள்ளி வைத்தாள். "அன்னைக்குக் கல்யாண ரிசப்ஷன்ல நான் மூணு தடவ சொன்னேன், கிளம்புங்க, சிஸ்டர் திரும்பத் திரும்பக் கூப்பிடுதுன்னு. என்ன சொன்னீங்க? இந்த நிலைமையில நான் எப்படிக் காரோட்டுறதுன்னீங்க. டிரைவர் போட்டுக்கலாம்னேன். ரெட்டியார் என்ன நினைப்பாருன்னீங்க."

இரண்டு பெக்தான். மூன்று. கல்லூரி நண்பன் ரெட்டியாரின் மகள் கல்யாணம், மதுரையில். ஆபரேஷன் முடிந்து பேஷண்ட் நன்றாக இருந்ததால்தான் போனேன். ஐந்து இருபதுக்கு முதல் போன் வந்தபோது செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வசுமதி மாடி அறையில் படுத்துக்கொள்கிறாள்.

நவம்பர் 28, செவ்வாய்

நேற்று ஜாமீனில் வெளியே வந்தேன். தீபாவளி உள்ளேயே போயிற்று. வக்கீல் இனிமேல் எதையும் எழுத வேண்டாம் என்கிறார். இதுவரை எழுதியதையும் அவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுக்கப் போவதில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஓ.பி.யில் இரண்டே பேர். மூன்றாவது டோக்கனில் சோலையப்பன் வந்தான். டோக்கன் வாங்கி, பெயர் எழுதி, முறையாக வந்தான். ரிசப்ஷன் பெண் புதிது, அவளுக்கு அவனைத் தெரியாது. கதவைத் திறந்ததும் நான் ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து, மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டேன். அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மடியில் ஒரு ரெக்சின் பை.

"என்ன வேண்டும்?"

"திருப்பூருக்குப் போறேன் சார். புள்ளைய எங்க அக்கா வீட்ல விட்டுப் படிக்க வைக்கப் போறேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு."

"போலீஸில் கேள். கோர்ட்டில் கேள்."

"அவுக சொல்றது எனக்கு எதுக்கு சார்? நீங்க சொல்லணும்."

"வெளியே போ."

"போயிர்றேன் சார். இத மட்டும் பாருங்க." பையின் ஜிப்பை இழுத்தான். மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்து உள்ளே கை விட்டான்.

தவறுதலாக வெடித்தது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன், அடித்துவிட்டேன். அந்த விசை தவறுதலாக இழுபடாது. நான் இழுத்தேன்.

அறைக்குள் அந்தச் சத்தம் ரைபிள் கிளப்பில் கேட்ட மாதிரி இல்லை. மேஜையின் முன்பலகை பிளந்தது. சோலையப்பன் நாற்காலியோடு சாய்ந்தான். பை விழுந்து ஒரு பிளாஸ்டிக் பைல் வெளியே வந்தது. ஸ்கேன் படம், மருந்துச் சீட்டுகள், ஏதோ ஜெராக்ஸ் தாள். அவ்வளவுதான். கத்தி இல்லை, ஒன்றுமில்லை.

இடது தொடை, உள் பக்கம். கிழிந்த பேண்டுக்குள்ளிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது எந்தக் குழாய் என்று. ரிவால்வரை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. தரையில் மண்டியிட்டு அவன் கவட்டையில் இரண்டு கையாலும் என் முழு எடையையும் வைத்து அழுத்தினேன். பீறுவது நின்றது. கை லேசாக நகர்ந்தாலும் மறுபடி வந்தது. அமலோற்பவம் ஓடி வந்தாள். டிரிப்புக்கு ஊசி ஏற்றினாள், 108-க்குப் போன் செய்தாள்.

"தியேட்டருக்குக் கொண்டு போவமா சார்?"

"ரத்தக் குழாயைத் தைக்க நம்மிடம் ஆள் கிடையாது. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். உடனே."

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தாள். பிப்ரவரி 17 அன்று அவள் என்னிடம் போனில் கேட்டதும் இதைத்தான்: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா சார்? எங்கேயும் அனுப்பாதே, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். சொன்னபோது நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸில் அவனோடு ஏறிக்கொண்டேன். கையை எடுக்க முடியாது. சிஸ்டர் டிரைவர் பக்கத்தில். பின்னால் நானும் அவனும் மட்டும். ஆம்புலன்ஸில் உதவிக்கு வந்த ஆளும் முன்னால் உட்கார்ந்து ரத்த வங்கிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். பாலவநத்தம் தாண்டும்போது சோலையப்பன் கண்ணைத் திறந்தான். உதடு வெளுத்திருந்தது.

"இதுக்கு மட்டும் கூடவே வர்றீகளே சார்" என்றான்.

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"குளுருது. அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாம்."

"வலிச்சிருக்குமா?"

"முதலில் வலிக்கும். அப்புறம் வலி தெரியாது. குளிரும். தாகம் எடுக்கும்."

"எனக்கும் தாகமா இருக்கு சார்." தலை ஒரு பக்கம் சாய்ந்தது. செத்துவிட்டானோ என்று கழுத்தைப் பார்த்தேன். துடிப்பு இருந்தது. "நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். மேல விடமாட்டேன்னுட்டாக. கடைசியா அவ என்ன சொன்னா? புள்ளயக் கேட்டாளா? அதத்தான் சார் அன்னைலருந்து கேக்கணும்னு நிக்கிறேன். நீங்கதான பக்கத்துல இருந்தீக. ஆறரைக்கு வந்துட்டேன்னு போலீஸ்ல சொன்னீகள்ல."

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கேட்டாள், உன்னைக் கேட்டாள் என்று. அவன் அதைக் கேட்டுக்கொண்டே போயிருப்பான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் அங்கே இல்லை. மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். குடித்திருந்தேன். மூன்று தடவை போன் வந்தது. உன் மனைவி எட்டு இருபதுக்கு இறந்தாள். நான் எட்டு ஐம்பதுக்குத்தான் வந்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது அங்கிருந்த இளம் டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தன் கையை வைத்தான். என் கை அதற்கப்புறம் விரியவில்லை. போலீஸ் அப்படியேதான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 30, வியாழன்

சாயங்காலம் அமலோற்பவம் வீட்டுக்கு வந்தாள். வசுமதி காபி கொடுத்ததற்கு வேண்டாம் என்றாள். நான் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கால எடுக்க வேண்டியதில்லைன்னுட்டாக சார். ரெண்டு தடவ ஆபரேசன் பண்ணியிருக்காக. இழுத்துத்தான் நடப்பாப்ல. வெல்டிங்குக்குக் குத்தவைக்க முடியாது."

நர்ஸிங் ஹோம் நிலவரம் கேட்டேன். பூட்டி சீல் வைத்துவிட்டார்கள், அது எனக்கும் தெரியும். பிறகு, அன்று பையிலிருந்து விழுந்தது என்ன தாள் என்று கேட்டேன்.

"நான் எழுதின கேஸ் ஷீட்டு சார். நீங்க கிழிக்கிறதுக்கு முன்னாலயே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன். சித்திரையில அத சோலையப்பன்ட்டக் குடுத்தேன்."

"சித்திரையிலா? எல்லா நேரமும் அதில் இருக்கிறதே."

"இருக்கு."

"அப்படியென்றால் நான் வரவில்லை என்று அவனுக்கு அப்போதே தெரியும். ஏன் போலீஸுக்குப் போகவில்லை?"

"நானும் சண்ட போட்டேன் சார். 'தாளுல இருக்கு சிஸ்டர், அவரு வாயால வரணும்ல'ன்னாப்ல. 'புள்ள பெருசானா கேக்கும். தாளக் காட்டவா முடியும், டாக்டரே சொன்னாகன்னு சொல்லணும்'னாப்ல. அதுக்குத்தான் நின்னாப்ல, வேற எதுக்கும் இல்ல."

வசுமதி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"செண்பகம் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருட்டச் சொல்லிட்டேன்." என்ன என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்கிற மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் அவனைப் பார்க்க வேண்டும், சிஸ்டர். ஜாமீனில் அவன் பக்கம் போகக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். கோர்ட்டில் அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன்."

"வேண்டாம் சார். நான் கேட்டுட்டுத்தான் வந்தேன். 'கேக்க வேண்டியதக் கேட்டாச்சு சிஸ்டர், இனி அந்த ஆள் மூஞ்சிய நான் பாக்க வேண்டியதில்ல'ன்னாப்ல."

போய்விட்டாள். வாசல் கேட்டை அவளே சாத்திவிட்டுப் போனாள்.

வக்கீல் போன் செய்தார். ஆம்புலன்ஸில் பேசியதைக் கேட்ட சாட்சி யாரும் இல்லை, காயம்பட்டவன் மயக்கத்தில் உளறினான் என்று போய்விடலாம், ஷீட் ஜெராக்ஸ்தான், ஒரிஜினல் கிடையாது, கேஸ் நிற்காது என்றார். துப்பாக்கி விஷயத்தையும் தற்காப்பு என்று கொண்டு போகலாமாம். என் டைரியில் "சோலி பாக்கி" என்று எழுதியிருப்பது ரொம்ப உதவும் என்றார். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

நாளை காலை பத்தரைக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இன்ஸ்பெக்டரிடம் வெள்ளைத் தாள் கேட்டு, இரண்டு விஷயத்தையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பிப்ரவரியில் நான் எப்போது வந்தேன், நவம்பரில் விசையை யார் இழுத்தது. வக்கீலிடம் சொல்லவில்லை. வசுமதியிடம் சொன்னேன்.

"குடிச்சிருந்ததையும் சேத்து எழுதுங்க" என்றாள்.